ஏரிக்கு விருந்து வைத்த நகரம்

தண்ணீர் தீப்பற்றி எரியும் என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் 2015-ஆம் வருஷம் மே மாதத்தில் பெங்களூர்வாசிகள் அந்த அதிசயத்தைக் கண்ணாரக் கண்டார்கள். நகரத்தின் தென்கிழக்கே சுமார் 900 ஏக்கர் பரந்து கிடக்கும் பெல்லந்தூர் ஏரியில் மிதந்த நுரை தீப்பிடித்து எரிந்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் மறுபடியும் அங்கே புகை கிளம்பிற்று. மூன்றாவது தடவை தீயை அணைக்க ராணுவ வீரர்களே வரவேண்டியிருந்தது. நெருப்பில்லாத நாட்களிலும் வேடிக்கைக்குக் குறைவில்லை. பலமாகக் காற்றடித்தால், வெண்ணுரை கட்டி கட்டியாகக் கரையேறிச் சாலையில் போகிறவர்கள் மேலும் வண்டிகள் மேலும் வந்து படிந்தது. இமயமலைக்குப் போகாமலே பனிமழை பார்க்கும் பாக்கியம் அவ்வூர் ஜனங்களுக்குக் கிடைத்தது!

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் வேடிக்கையல்ல. பெங்களூரின் ஏரிகளுக்குள்ளே மிகப் பெரியது அது. அந்த ஏரி எதனால் செத்தது என்று கேட்டால், அஜீரணத்தால் செத்தது என்றுதான் சொல்லவேண்டும். அளவு கடந்து ஊட்டிய உணவு அதன் தொண்டையை அடைத்துவிட்டது. ஊட்டியவர்கள் நகர மக்கள். ஊட்டிய வழி சாக்கடை. இந்த வியாதிக்கு உலகம் இன்று கையாளும் மருந்துகளில் தலைசிறந்த ஒன்றைப் பற்றிய முதற் குறிப்பு, ஏரி எரிவதற்கு 56 வருஷங்களுக்கு முன்னால் அதே பெங்களூரில் எழுதப்பட்டது. இந்தக் கதையில் மனத்தை உறுத்துகிற பகுதி அதுதான்.

சாக்கடையில் உள்ள சத்து

சாக்கடை நீர் என்றதும் நாற்றம், அழுக்கு, நோய்க் கிருமி ஆகிய மூன்றும் நம் நினைவுக்கு வரும். கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத நான்காவது சரக்கு ஒன்றும் அதில் கரைந்திருக்கிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ் என்னும் இரண்டு சத்துக்களே அவை. குடியானவர் வயலுக்கு யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் வாங்கிப் போடுவது இந்தச் சத்துக்களுக்காகத்தான். சோற்றிலும் பருப்பிலும் புகுந்து அவை நம் உடம்புக்குள் வருகின்றன, கழிவோடு வெளியேறுகின்றன.

ஒரு மனிதரிடமிருந்து நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 10 கிராம் நைட்ரஜனும், ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாகப் பாஸ்பரஸும் வெளியேறுவதாக வைத்துக்கொள்ளலாம். அற்பமாகத் தோன்றுகிறதல்லவா? ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தினந்தோறும் 100 டன் நைட்ரஜன். 10 டன் பாஸ்பரஸ்! இதோடு சலவைத் தூள்களில் கலந்துவரும் பாஸ்பேட்டும் சேருகிறது.

வயலுக்குப் போனால் நெல்லாகக்கூடிய இந்தச் சத்து, ஏரிக்குப் போனால் பாசியாகிறது, ஆகாயத் தாமரையாகிறது. ஒரு கிராம் பாஸ்பரஸ் தன் எடையைப்போல் சுமார் 500 மடங்கு பச்சைப் பாசியை வளர்க்க வல்லது என்று ஏரி நூல் வல்லார் கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பாசியும் ஒருநாள் செத்து அடியில் விழுந்து அழுகவேண்டும். அழுகும்போது நீரில் உள்ள பிராணவாயுவை அது தின்று தீர்த்துவிடுகிறது. மீன்கள் மூச்சுத் திணறி வெள்ளை வெளேரென்று மிதக்கின்றன. பிராணவாயு தீர்ந்துபோன அடிச்சேற்றில், எரியும் தன்மையுள்ள மீதேன் வாயு பிறக்கிறது.

பெல்லந்தூரில் நடந்தது இதுவே. நுரைக்குக் காரணம் சலவைச் சரக்கு. களைக்குக் காரணம் நைட்ரஜனும் பாஸ்பரஸும். இரண்டும் ஒரே சாக்கடையில் ஏறி வந்தவை. மேலே நுரை, நடுவில் உலர்ந்த களையும் குப்பையும், அடியில் எரிவாயு என்று எல்லாம் ஆயத்தமாக இருந்தால், ஒரு தீக்குச்சிதானே பாக்கி?

"சாக்கடை நீரைச் சுத்தம் செய்துவிட்டால் போயிற்று!" என்று நேயர்கள் சொல்லலாம். சுத்தம் என்பதிலும் படிகள் இருக்கின்றன. நமது நகரங்களில் வழக்கமாக நடைபெறும் சுத்திகரிப்பு, அழுக்கையும் நாற்றத்தையும் பெரும்பாலும் போக்கிவிடும். வெளியே வரும் நீர் தெளிவாகவும் இருக்கும். ஆனால் கரைந்துள்ள நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் பெரும் பங்கு அதில் அப்படியே தங்கிவிடும். பார்வைக்குச் சுத்தமான அந்த ஜலம் ஏரிக்குப் பானகமாகப் போய்ச் சேருகிறது.

இரண்டு ஏரிகள் சொன்ன சாட்சி

இதற்குச் சாட்சி உண்டா என்றால், அமெரிக்கக் கண்டத்தில் இரண்டு ஏரிகள் சாட்சி சொல்லியிருக்கின்றன.

முதலாவது, ஸியாட்டில் நகரத்தை ஒட்டிய வாஷிங்டன் ஏரி. அதன் கரையிலிருந்த ஊர்கள் தங்கள் சாக்கடை நீரைச் சுத்திகரித்துத்தான் ஏரியில் விட்டுவந்தன. அப்படியிருந்தும் 1955-இல் அந்த ஏரியில் ஒருவகைச் செம்பாசி தலைகாட்டியது. ஐரோப்பாவில் ஸூரிச் ஏரி கெடத் தொடங்கிய காலத்தில் தோன்றிய அதே பாசி அது. வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்மண்ட்ஸன் என்னும் விஞ்ஞானி அபாயத்தைக் கண்டுகொண்டார். "பாஸ்பரஸ் இப்படியே வந்துகொண்டிருந்தால் ஏரி நாறும், நிறுத்தினால் பிழைக்கும்" என்பது அவர் கருத்தின் சாரம்.

சாக்கடை நீர் முழுவதையும் பெருங் குழாய்களின் மூலம் ஆழமான கடற்கழிக்குத் திருப்பிவிட வேண்டும் என்று யோசனை எழுந்தது. அதற்காகப் பல ஊர்கள் சேர்ந்து ஒரு பொது ஸ்தாபனம் அமைத்து வரியும் கட்டவேண்டும். 1958 மார்ச்சில் ஜனங்களிடம் வாக்குக் கேட்டார்கள், திட்டம் தோற்றது. யோசனை சொன்னவர்கள் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. வீடு வீடாகவும் கூட்டம் கூட்டமாகவும் விஷயத்தை எடுத்துச் சொன்னார்கள். அதே வருஷம் செப்டம்பரில் மறுபடியும் வாக்கெடுப்பு நடந்தது. இம்முறை ஜனங்கள் சம்மதம் தந்தார்கள். 1963-இல் தொடங்கி 1968-க்குள் சாக்கடை நீர் முழுவதும் ஏரியை விட்டு விலக்கப்பட்டது.

1963-இல் அந்த ஏரியில் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால், மூன்றடி ஆழம் போவதற்குள் கண்ணுக்கு மறைந்துவிடும். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று ஏரிக்கு "நாற்ற ஏரி" என்று நாமகரணமே செய்துவிட்டது. சாக்கடை விலகிய சில வருஷங்களில் தட்டு பத்தடி ஆழத்தில் தெரிந்தது. 1976-க்குப் பிறகு இருபதடிக்கும் கீழே தெரிந்தது. கவனிக்கவேண்டிய விஷயம் இன்னொன்றுண்டு. சாக்கடை நின்றபின் ஏரி நீரில் நைட்ரஜன் அவ்வளவாகக் குறையவில்லை. பாஸ்பரஸ் மட்டும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. பாசியும் பாஸ்பரஸோடு கைகோத்துக்கொண்டு இறங்கியது.

அப்படியும் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். சலவைத் தூள் முதலாளிகள் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமில்லை. அவர்களுடைய வாயை அடைத்தது கானடா தேசத்தின் இரண்டாவது ஏரி. ஒண்டேரியோ மாகாணத்துக் காடுகளில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் பல இருக்கின்றன. அவற்றிற்குப் பெயர் கூட இல்லை, இலக்கந்தான். 226-ஆம் இலக்க ஏரியை, ஷிண்ட்லர் என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1973-இல் நடுவே ஒரு திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நைட்ரஜனும் கரிச் சத்தும் கொடுத்தார்கள். மற்றப் பாதிக்கு அவ்விரண்டோடு பாஸ்பரஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாஸ்பரஸ் பெற்ற பாதி, பச்சைச் சாயம் கொட்டினாற்போல் பாசி பிடித்தது. மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படம் ஒன்று, ஆயிரம் வாதங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.

மான்செஸ்டரின் உறைமோர்

ஸியாட்டிலுக்குப் பக்கத்தில் கடல் இருந்தது, குழாயைத் திருப்பிவிட்டார்கள். கடலுக்கு இரு நூறு மைல் தள்ளி, மூவாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்திருக்கும் பெங்களூர் எங்கே திருப்பிவிடுவது? உள்நாட்டு நகரங்களுக்கு ஒரே வழிதான் உண்டு. நீரை வெளியே விடுவதற்கு முன்னால் இந்தச் சத்துக்களை அதிலிருந்து பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். எப்படிப் பிரிப்பது?

இந்த வித்தையின் கதை இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் ஆரம்பமாகிறது. அங்கே ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரு ரசாயன நிபுணர்கள் சாக்கடை நீரைப் பாத்திரங்களில் வைத்துக் காற்றை ஊதிப் பார்த்தார்கள். நீர் தெளிவதற்கு முதலில் ஐந்து வாரம் பிடித்தது. தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே புதிய சாக்கடை நீரை விட்டார்கள். இரண்டாந் தடவை நாள் குறைந்தது. திருப்பித் திருப்பிச் செய்யவே, வாரங்கள் நாட்களாகி, கடைசியில் சில மணி நேரமாகிவிட்டது.

நம் வீட்டுப் பெண்மணிகள் இதில் அதிசயம் ஒன்றும் காணமாட்டார்கள். நேற்றுத் தயிரில் கொஞ்சம் மிச்சம் வைத்து இன்றைய பாலுக்கு உறை குத்துகிறவர்களுக்கு இந்தச் சூக்ஷ்மம் தெரிந்ததுதானே? கசடில் இருப்பவை கோடிக்கணக்கான நுண்கிருமிகள். அவை அழுக்கைத் தின்று பெருகுகின்றன. உறைமோரைப்போல் அவற்றைக் காப்பாற்றி வைத்துக்கொண்டால் வேலை விரைவில் முடிகிறது. 1914 ஏப்ரல் 3-ஆம் தேதி இவ்விருவரும் மான்செஸ்டரில் தங்கள் கட்டுரையைப் படித்தார்கள். உலகத்துப் பெருநகரங்களில் மிகுதியானவை இன்றும் இந்த முறையையே அடிப்படையாகக் கொண்டிருக்கின்றன.

அவர்களுக்கு இந்தப் பரிசோதனையை எடுத்துக் கொடுத்தவர் கில்பர்ட் பௌலர் என்னும் பேராசிரியர். அந்தப் பௌலர் 1916-இல் மான்செஸ்டரை விட்டுப் புறப்பட்டு எங்கே வந்தார் தெரியுமா? பெங்களூருக்கு! ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையினாலும் மைசூர் சமஸ்தானம் தந்த நிலத்தினாலும் 1909-இல் உருவான இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில், அதாவது ஊரார் "டாட்டா இன்ஸ்டிட்யூட்" என்றழைக்கும் கலாசாலையில், ரசாயனப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். நைட்ரஜன் சத்தை வீணாக்காமல் காப்பதைப் பற்றிப் பின்னால் ஒரு புத்தகமே எழுதினார். மான்செஸ்டரின் உறைமோர் இவ்வாறு நம் தேசத்துக்கு வந்தது.

குதிர் நிரப்பும் கிருமிகள்

அந்த உறைமோர் நன்றாகவே உறைந்தது. சாக்கடைக் கசடைப் பற்றிய ஆராய்ச்சி அந்த ஸ்தாபனத்தில் தொடர்ந்து நடந்துவந்தது. 1959-இல் ஸ்ரீநாத், சாஸ்திரி, பிள்ளை என்ற மூன்று இந்திய விஞ்ஞானிகள் அங்கிருந்து ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். உயிர்ப்புள்ள கசடைச் சாக்கடை நீரில் கலந்து காற்று ஊட்டினால், நீரில் உள்ள பாஸ்பரஸ் மளமளவென்று கசடுக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறது என்பதே அவர்கள் கண்டது. கிருமிகளின் வளர்ச்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேலாகவே அவை பாஸ்பரஸை வாரிக்கொள்ளுகின்றன என்று கண்ட முதற் குறிப்பு இது என்று, இத்துறையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் உலகெங்கும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

கிருமிகள் ஏன் அப்படிச் செய்கின்றன? இதன் மர்மம் பிற்பாடுதான் விளங்கிற்று. நம் கிராமத்துக் குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல காலத்தில் குதிரை நிரப்பி வைப்பார்கள். பஞ்ச காலத்தில் குதிரிலிருந்து எடுத்துக் காலம் தள்ளுவார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்கள் அடுத்த அறுவடையில் முன்னைவிட அதிகமாகவே சேர்த்துக்கொள்ளுவார்கள். இந்தக் கிருமிகளுக்குப் பாஸ்பரஸே குதிர் நெல். முதலில் காற்றே இல்லாத தொட்டியில் அவற்றை விட்டால், சேமித்த பாஸ்பரஸைச் செலவழித்து உணவைப் பிடித்துக்கொள்ளுகின்றன. அடுத்தபடியாகக் காற்று நிறைந்த தொட்டிக்கு வந்ததும், செலவழித்ததற்கு மேலாகவே பாஸ்பரஸை அள்ளிக் குதிரை நிரப்பிக்கொள்ளுகின்றன. அந்தச் சமயம் பார்த்துக் கசடில் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிட்டால், பாஸ்பரஸும் அதனோடு வந்துவிடுகிறது. மருந்துச் சரக்கு ஏதும் போடவேண்டியதில்லை.

நைட்ரஜனைப் போக்குவதற்கும் இதே போன்ற தந்திரம் உண்டு. காற்றுள்ள தொட்டியில் ஒருவகைக் கிருமிகள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. காற்றில்லாத தொட்டியில் வேறு வகைக் கிருமிகள், மூச்சு விடுவதற்காக, நைட்ரேட்டில் உள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொள்ளுகின்றன. மிச்சமான நைட்ரஜன் குமிழி குமிழியாக மேலே எழுந்து ஆகாயத்தில் கலந்துவிடுகிறது. ஆகாயத்தில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான். வந்த விருந்தாளி தன் வீட்டுக்கே திரும்பிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

காற்றுள்ளதும் இல்லாததுமான தொட்டிகளை வரிசைப்படுத்தி, இவ்விரண்டு வேலைகளையும் ஒருங்கே செய்யும் முறையைத் தென்னாப்பிரிக்காவில் பார்னார்ட் என்ற பொறியியல் வல்லுநர் 1970-க்குப் பிந்திய வருஷங்களில் வகுத்துக் கொடுத்தார். அங்கிருந்து அது வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பரவியது. அவசரமானால், படிகாரத்தையோ இரும்பு உப்பையோ போட்டும் பாஸ்பரஸைத் திரித்துக் கீழே படியவைக்கலாம். செலவும் கசடும் அதிகமாகும், அவ்வளவுதான். வழி தெரியாமல் ஏரிகளைச் சாகவிட்டோம் என்று இன்று எந்த நகரசபையும் சொல்ல முடியாது.

நதிகளை இணைத்த விந்தை

இனி பெங்களூருக்குத் திரும்புவோம். அந்நகரத்துக்குக் குடிதண்ணீர் பெரும்பாலும் காவிரியிலிருந்து வருகிறது. ஏறக்குறைய 100 கிலோ மீட்டர் தூரம் குழாயில் ஓட்டி, 500 மீட்டர் உயரத்துக்கு மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள். வீடுகளில் உபயோகமான பிறகு அந்தக் காவிரி ஜலத்தின் பெரும் பகுதி எங்கே போகிறது? ஒரு பகுதி பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கு; பிறகு தென்பெண்ணைக்கு. நதிகளை இணைப்பது பற்றித் தலைவர்கள் பல காலமாகப் பேசிவருகிறார்கள். பெங்களூர்வாசிகள் சந்தடியில்லாமல் காவிரியையும் தென்பெண்ணையையும் இணைத்தே விட்டார்கள், சாக்கடையின் மூலமாக!

தென்பெண்ணை தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தங்குமிடம் ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள கெலவரப்பள்ளி அணை. மழைக்காலத்தில் மதகுகள் திறக்கும்போது அங்கே வெண்ணுரை ஆளுயரத்துக்குக் குவிந்து நிற்கும் காட்சியைப் பத்திரிகைகளில் நேயர்கள் பல தடவை பார்த்திருப்பார்கள். அதற்கப்பால் கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை. முடிவில் கடலூருக்கு அருகில் வங்கக் கடல். ஒரு நகரத்தின் அடுக்களையிலும் குளியலறையிலும் இன்று காலை நடந்தது, இரண்டு ராஜ்யங்களின் குடியானவர்களுடைய தலையில் நாளை விடிகிறது.

பெங்களூரார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. பெல்லந்தூரை வற்றவைத்துப் பல காலத்து வண்டலை வாரும் வேலை தொடங்கப்பட்டது. 2018 முதல், சுத்திகரித்த நீரைக் குழாய் மூலம் வறண்ட கோலார் ஜில்லாவுக்கு அனுப்பி அங்குள்ள ஏரிகளை நிரப்புகிறார்கள். பல வருஷங்களாக ஆயிரம் அடிக்கும் கீழே தண்ணீர் தேடிய கோலார்க் குடியானவர்களுக்குக் கிணறுகளில் நீர் ஊறுவது பெரிய ஆறுதல். ஆயினும் தொடக்கத்திலேயே அங்கும் ஓர் ஏரியில் நுரை எழும்பியது. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. "தண்ணீர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை; இன்னும் ஒரு படி சுத்தம் செய்து தாருங்கள்" என்பதே அங்கே கிளம்பிய கோரிக்கை. அது நியாயமான கோரிக்கை.

கேட்கப்படாத கேள்வி

வித்தை தெரிந்திருந்தும் வியாதி வந்ததற்குக் காரணம் என்ன? நம் தேசத்துச் சட்டம் சுத்திகரிப்பு நிலையங்களிடம் இந்தச் சத்துக்களைப் பற்றி முறையாகக் கேட்கவில்லை. 2017 அக்டோபரில் மத்திய சர்க்கார் நகரச் சாக்கடை நீருக்கு விதித்த அளவுகளில் அழுக்கு, மிதக்கும் தூசி, கிருமி இவற்றுக்கெல்லாம் வரம்பு உண்டு. நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் வரம்பு கிடையாது. கேட்காத கடனைத் திருப்பிக் கொடுப்பவர் யார்? 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. பெருநகரங்களில் சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரஜன் இருக்கலாகாது, ஏரி குளங்களில் விடும் நீரில் 1 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கலாகாது என்று சொல்லிற்று. சொல்லிற்றே தவிர, தேசமெங்கும் அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்றால் இன்னும் வெகு தூரம் போகவேண்டும்.

மத்திய மாசுக் கட்டுப்பாடு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இந்திய நகரங்களில் தினந்தோறும் உண்டாகும் சாக்கடை நீர் 7,236 கோடி லிட்டர். அதில் உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர். நூற்றுக்கு இருபத்தெட்டு! மற்ற எழுபத்திரண்டுக்கு முதற்படிச் சுத்தமே நடக்கவில்லை. "அப்படியிருக்க, சத்து நீக்குவது என்னும் மேற்படிக்கு இப்போது என்ன அவசரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டைக் கட்டிய பிறகு ஜன்னலுக்காகச் சுவரை இடிப்பதைக் காட்டிலும், கட்டும்போதே இடம் விடுவது லாபம் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. இனிமேல் கட்டவேண்டிய நிலையங்கள்தாம் நம் நாட்டில் அதிகம். அவற்றைக் கட்டும்போதே காற்றில்லாத தொட்டியையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் நல்ல வாய்ப்பு இன்று நம் கையில் இருக்கிறது.

குப்பையல்ல, மூலதனம்

இவ்வளவு நேரம் சத்துக்களை விரோதிகளைப்போலப் பேசிவிட்டோம். உண்மையில் அவை வழி தவறிய செல்வங்கள். பாஸ்பரஸைத் தொழிற்சாலையில் சிருஷ்டிக்க முடியாது. பாறையிலிருந்து வெட்டித்தான் எடுக்கவேண்டும். உலகத்தில் அந்தப் பாறை மிகுதியாக இருப்பது மொராக்கோ பக்கத்தில். நம் தேசம் தனக்கு வேண்டியதில் பெரும்பங்கை வெளிநாடுகளிலிருந்து விலை கொடுத்து வாங்குகிறது. கப்பலில் வரவழைத்து, வயலில் போட்டு, சோறாக்கிச் சாப்பிட்டு, மிச்சத்தை ஏரியில் கொட்டி ஏரியையும் கெடுத்துக்கொள்ளுகிறோம். பணமும் போயிற்று, தண்ணீரும் போயிற்று. இதற்குப் பெயர் நாகரிகமா?

மனிதக் கழிவை ஆழம் குறைந்த பள்ளங்களில் மண்ணோடு சேர்த்து மூடினால் பொன்னான உரமாகும் என்று மகாத்மா காந்தி ஓயாமல் எடுத்துச் சொல்லிவந்தார். கிராமத்துக்கு அவர் சொன்ன நீதி நகரத்துக்கும் பொருந்தும். சத்து நிறைந்த கசடிலிருந்து, மக்னீஷிய உப்பைச் சேர்த்து, பாஸ்பரஸை வெண்மணிகளாகத் திரட்டி உரமாக விற்கும் நகரங்கள் மேல்நாடுகளில் இருக்கின்றன. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தொழிற்சாலைகளின் விஷச் சரக்கு வீட்டுச் சாக்கடையில் கலக்கக் கூடாது. கலந்தால் உரமும் விஷமாகிவிடும்.

குடும்பங்களால் ஆகக்கூடியது என்ன? சலவைத் தூள் வாங்கும்போது பாஸ்பேட் கலவாததைக் கேட்டு வாங்கலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு கரண்டிகூடப் போடாமல் இருக்கலாம். கழுவும் தொட்டியில் கொட்டும் எச்சில் சோற்றையும் கறிகாய்க் கழிவையும் செடிக்கு உரமாக்கலாம். அடுக்கு மாடி வீடுகளில் இருப்பவர்கள், தங்கள் கட்டடத்தின் கீழே உள்ள சுத்திகரிப்பு யந்திரம் ஓடுகிறதா அல்லது பூட்டிக் கிடக்கிறதா என்று ஒருநாள் இறங்கிப் போய்ப் பார்க்கலாம். இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் இவற்றால் மட்டும் ஏரி பிழைத்துவிடாது. நம் உடம்பிலிருந்து வெளியேறும் சத்தைக் குறைக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. அதைப் பிடித்து நிறுத்த நகரசபையால்தான் முடியும்.

ஆகையால், நம் ஊரில் புதிய சாக்கடைத் திட்டம் என்று யாராவது மேடையில் அறிவித்தால் கைதட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்போம். வெளியே விடும் நீரில் நைட்ரஜன் எவ்வளவு? பாஸ்பரஸ் எவ்வளவு? பதிலை மாதந்தோறும் ஊரறிய எழுதிப் போடும்படி வற்புறுத்துவோம். ஸியாட்டில் நகரத்தார் நம்மைவிடப் புத்திசாலிகள் அல்லர். மார்ச்சில் வேண்டாம் என்றவர்கள்தாம் செப்டம்பரில் வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு வழி காட்ட ஒரு விஞ்ஞானி வேண்டியிருந்தது. நமக்கோ, பெங்களூரில் இருந்த நம்மவர் மூவர் 1959-லேயே வழியைத் தொட்டுக் காட்டிவிட்டார்கள். உலகம் அந்த வழியில் நெடுந்தூரம் நடந்துவிட்டது. நாம் புறப்படவேண்டியதுதான் பாக்கி.